தரைக்கு வராத கோடு

கருநெல்லி மலையில் தேனடுக்கு என்று ஒரு ஊர், நாற்பத்திரண்டு வீடு, ஒரு கோயில், மாதத்தில் நாலு நாள் மட்டும் திறக்கிற ஒரு ரேஷன் கடை. அந்த ஊரில் ஒரு சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, ராத்திரி பெய்த கோடை மழையில் ஓடு ஒழுகி நனைந்துபோன பழைய வரைபடம் ஒன்றை வெள்ளச்சி என்பவள் வாசல் பாறையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்துக் காயப்போட்டாள். அது காய்ந்து முடிவதற்குள் அதிலிருந்த கோடுகள் எல்லாம் மலையில் இறங்கிவிட்டன.

யாரும் அலறவில்லை. தேனடுக்கில் காலை நேரத்தில் அலறுவதற்கு ஆள் கிடையாது, தண்ணி எடுக்கணும், ஆட்டை அவிழ்க்கணும், களி கிண்டணும். முதலில் கண்டவை ஆடுகள்தான். பட்டியை விட்டு வெளியே வந்ததும் ஆளுக்கொரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல் இறங்காமல், வரிசையாக மலையைச் சுற்ற ஆரம்பித்தன. பிறகு பெண்கள் பார்த்தார்கள். செம்பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் கனத்தில், ஆறிய தழும்பு மாதிரி கொஞ்சம் மேடிட்டு, பாறை மேலும் புல் மேலும் சாமைக்காட்டின் மேலும் வேலியைத் தாண்டியும் கோடுகள் ஓடின, கூட்டினால் போகவில்லை, கழுவினாலும் போகவில்லை, இடுப்புக் குடத்தோடு நின்று காலால் தேய்த்துப் பார்த்த குப்பாயி, "இது போகாது போல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணிக்குப் போனாள்.

வரைபடம் வெள்ளச்சியின் புருஷன் ஏகாம்பரம் தன் கையால் போட்டு, ஆபீசுக்கு அனுப்பியது போகத் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழ்நாட்டிலிருந்து சர்வே வேலையாக மலையேறி வந்தவர், வந்த இடத்தில் பெண்ணெடுத்து, வேலையை விட்டும் மலையை விடாமல், ஆட்டையும் தேனீப்பெட்டியையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து கயிற்றுக்கட்டிலே கதி. கை பிடித்துக் கூட்டிப்போக வந்தால், "நான் என்ன கன்னுக்குட்டியா?" என்று கையை உதறுவார். ஊரெல்லாம் அவரைச் சர்வேயரய்யா என்றுதான் கூப்பிடும், அவருக்கும் வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு பெருமை: தான் மிதிக்காத மண்ணில் ஒரு கோடும் போட்டதில்லை என்பது.

வெள்ளச்சி உள்ளே போய், "ஏங்க, உங்க கோடெல்லாம் வெளிய வந்து கெடக்குது" என்றாள், பால்காரன் வந்துவிட்டான் என்கிற மாதிரி.

அவர் எழுந்து சுவரைத் தடவி வாசலுக்கு வந்து, குனிந்து, தரையைத் துழாவி, கோட்டை விரலால் வருடினார். அந்தக் கோடு நேராக அவர்கள் வாசற்படி ஓரமாகத்தான் போயிற்று. இரண்டு முழம் தள்ளி கோட்டின் நடுவே எண் ஒன்று புடைத்திருந்தது, அதையும் தடவினார்.

"தொள்ளாயிரத்து நாப்பது" என்றார். "எண்ணோட தல எந்தப் பக்கம் பாக்குதோ அதுதான் மேடு." பிறகு மேற்கே முகத்தைத் திருப்பி, "மேக்கால? மேக்கால கோடு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

வெள்ளச்சி மேற்கே இன்னும் பார்க்கவே இல்லை. அடுப்பில் களி வேறு கிடந்தது. "எல்லாப் பக்கமும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு அவர் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே அவர் நடக்கத் தொடங்கினார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளங்காலால் கோட்டைக் கண்டுபிடித்து, ஒரு காலுக்கு முன் மறுகாலாக, மூன்று வருஷம் கட்டிலில் கிடந்த மனுஷன் ஊருக்குள் தனியாக நடந்து போய், கோயிலைத் தாண்டி, பலா மரத்தைத் தாண்டி, போன வழியே திரும்பி வந்து, "வெள்ளச்சி, சோறு போடு" என்றார். மூன்று வருஷத்தில் அவராகக் கேட்டுச் சாப்பிட்டது அன்றுதான்.

கோட்டைப் படிக்க ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஒரே உயரத்தில் இருக்கிற இடத்தையெல்லாம் சேர்த்துப் போட்டதுதான் ஒரு கோடு, அதிலிருக்கிற எண் அந்த உயரம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இருபது மீட்டர் உயரம். ஐந்தாவது கோடு தடித்த கோடு. கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சாய்வு. கோடு மேட்டைப் பார்த்து மூக்கை நீட்டினால் அங்கே ஓடை, பள்ளத்தைப் பார்த்து நீட்டினால் முகடு. இதையெல்லாம் தேனடுக்குக்காரர்களுக்குக் கால் ஏற்கெனவே சொல்லியிருந்தது, ஆனாலும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

மலைக்கு வந்த மற்ற எல்லாவற்றையும் போலவே, மின்கம்பத்தைப் போல, செல்போன் கோபுரத்தைப் போல, கோடும் பத்தே நாளில் பழகிவிட்டது. ஊர் மூப்பன் கரியராமன் கூட்டம் போட்டு, கோட்டைச் செருப்புக் காலால் மிதிக்கலாம், எச்சில் துப்பக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். தொள்ளாயிரத்து அறுபது என்ற கோடு போய் ஒருவன் சமையலறைக்குள் நுழைந்து ஆட்டுக்கல்லைக் கடந்து பின்வாசல் வழியாக வெளியேறியது. அவன் பெண்டாட்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் குழம்பும் அந்தப் பக்கம் சோறும் வைத்தாள். கோலம் போடுகிறவர்கள் கோட்டையும் ஒரு இழையாகச் சேர்த்துக்கொண்டார்கள். வைகாசித் திருவிழாவில் அம்மனைத் தூக்குகிறவர்களுக்கு வருஷா வருஷம் தோள் வீங்கும், இந்த வருஷம் அம்மன் ஒரே கோட்டில் ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல் மலையின் கிழக்குப் பக்கமெல்லாம் சுற்றிவந்து ஒரு நாள் தாமதமாகக் கோயில் சேர்ந்தாள். அம்மனுக்குக் கழுத்து வலிக்காமல் போயிற்றே என்று எல்லாருக்கும் திருப்தி. பெண் கேட்டு வந்தவர்களிடம், "மூணு கோட்டுக்குக் கீழ எம்பொண்ண அனுப்ப மாட்டேன், ஏறி வர மூச்சு வாங்கும்" என்று சொல்கிற தகப்பன்கள்கூட வந்துவிட்டார்கள்.

வெள்ளச்சியின் மகள் செவ்வந்தி மேற்கே ஓடக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீடும் தொள்ளாயிரத்து நாற்பதில்தான். அவளுக்குப் பிள்ளை பிறந்து ஏழு மாதம், தாத்தா இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. டோலி கட்டித் தூக்கிப் போகிறோம் என்றதற்கு, "பொணத்தத்தான் தூக்குவாங்க" என்று சொன்ன மனுஷன் அவர். வைகாசி கடைசியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவது வழக்கம், செவ்வந்திக்கு உடன்பிறப்பு கிடையாது, ஆகவே தாத்தா மடிதான், அந்த மடி வராவிட்டால் காதே குத்துவதில்லை என்று மகள் பிடிவாதமாக இருந்தாள்.

வெல்லமும் பச்சரிசியும் கொடுத்துவிட்டு வர வெள்ளச்சி பழைய குறுக்குப் பாதையில் ஓடக்கரை போனாள். இருட்டுப்பள்ளம் வந்தபோது நின்றாள். அங்கே கோடுகள் தரையில் இல்லை. பள்ளத்தின் இந்தக் கரையில் தரையை விட்டுக் கிளம்பி, எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஆகாயத்திலேயே ஓடி, பள்ளத்தைக் கடந்து, எதிர்ப்பாறைக்குள் நுழைந்து மறைந்து, வேறெங்கோ வெளியே வந்தன. கீழே நூறு ஆள் ஆழம். தாழ்ந்து போன ஒரு கோட்டின் நுனியில் ஓடக்கரைப் பெண்கள் சேலை காயப்போட்டிருந்தார்கள். பள்ளமே இல்லாத சாய்வு நிலம் என்று நினைத்து யாரோ போட்ட கோடுகள் அவை என்பது, ஒரு மாதமாகக் கோடு படித்த வெள்ளச்சிக்கு ஒரு பார்வையில் விளங்கிற்று.

யாரோ என்ன, அவர்தான். இருட்டுப்பள்ளத்தைப் பதினோரு நாள் அளந்த கதையை அவர் முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறார், அட்டை கடித்த இடம் என்று கணுக்காலில் தழும்புகூடக் காட்டுவார். அப்படியென்றால் அந்தப் பதினோரு நாள் மனுஷன் எங்கே இருந்தார்? யாரோடு இருந்தார்? திரும்பி வருகிற வழியெல்லாம் வெள்ளச்சிக்கு இதே கேள்வி, ராத்திரி சோறு இறங்கவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை, மூன்று வருஷத்துக்குப் பிறகு நடக்கிற காலை எப்படி ஒடிப்பது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அவள் மட்டுமா, ஊரே பேசாமல் இருந்தது. மேற்கே போய்வந்த எல்லாருக்கும் கோடு அந்தரத்தில் தொங்குவது தெரியும். அவர் பெருமையும் தெரியும். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை, ஆனாலும் அவர் ஒவ்வொரு ஆளையும் நிறுத்தி, "மேக்கால கோடு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்கும்போது, மூப்பன் முதல் குப்பாயி வரை எல்லாரும், "ஜம்முனு இருக்குதுங்க சர்வேயரய்யா" என்றார்கள். நல்ல மனசோடு ஒரு ஊரே சேர்ந்து செய்த தப்பு அது.

ஏனென்றால் ஏகாம்பரம் அதை நம்பிவிட்டார். தான் போட்ட பொய் தனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வீடும் கோடு நல்லாயிருக்கிறது என்று சொன்னால், சாமி மனசு இரங்கிப் பொய்யைத் திருத்திவிட்டது என்றுதானே அர்த்தம்? காதுகுத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு நாள் விடியற்காலை, வெள்ளச்சி பால் கறக்கப் போன நேரம் பார்த்து, யாரையும் கூப்பிடாமல், வாசற்படியிலேயே காலால் கோட்டைப் பிடித்து, பேரனைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிவிட்டார்.

கட்டில் காலியாக இருந்ததைக் கண்டதும் அவள் பால்செம்பைப் போட்டது போட்டபடி ஓடினாள். பனி இறங்கியிருந்தது. பனிக்குள் அவருடைய வெள்ளைச் சட்டை மெதுவாக, நிதானமாக, சந்தோஷமாக நடந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பும்போது கால் இடறும் என்று கூப்பிடாமலே ஓடி, கரையின் கடைசிப் புல்லில் அவர் ஒரு காலை எடுத்து வைக்கப் போகையில் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள்.

"தரை முடிஞ்சு போச்சுங்க" என்றாள் மூச்சிரைக்க.

"கோடு? கோடு முடிஞ்சு போச்சா?"

"கோடு இருக்கு. தரைதான் இல்ல."

அவர் கையை நீட்டித் தடவினார். முழங்கை நீளத்துக்குக் கோட்டின் அடியில் மண் இருந்தது, அதற்கப்புறம் கோட்டின் அடியில் குளிர்ந்த காற்றுதான் இருந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

"எனக்கும் தெரியும்" என்றாள். பிறகு அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "நீங்க இந்தப் பள்ளத்துல காலே வெக்கல. பதினோரு நாள் எங்க இருந்தீங்க? எவ வீட்டுல இருந்தீங்க? சாவுறதுக்குள்ள அத மட்டும் எங்கிட்டச் சொல்லிருங்க."

"ஆஸ்பத்திரியில" என்றார். "கீழ, பெரியாஸ்பத்திரியில. பொம்பளைங்க வார்டுக்கு வெளிய ஒரு புங்கமரம் இருந்துச்சு, அதுக்கடியில."

வெள்ளச்சிக்குப் பதினெட்டு வயசு அப்போது. விஷக்காய்ச்சல் வந்து நினைவு வருவதும் போவதுமாகப் பதினோரு நாள் கிடந்தாள். அதற்கு முன்னால் அவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், அதுவும் சண்டைக்குப் போனதுதான்: "எங்க மலைய எதுக்குக் காயிதத்துல புடிச்சு வெக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

"நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம விட்டுட்டேனேன்னு இருந்துச்சு. அப்புறம் உன்ன டோலியில தூக்கிட்டுப் போறாங்கன்னு சொன்னாங்க. அளவுப் பலகைய அப்படியே போட்டுட்டுப் பின்னாலயே வந்துட்டேன். உள்ள வர எனக்கு என்ன முறை இருக்கு? ஆயாம்மா கையில பாலும் பன்னும் குடுத்து விடுவேன். நீ எந்திரிச்சு உக்காந்தேன்னு ஆயாம்மா சொன்ன அன்னிக்கு மலைக்குத் திரும்பிட்டேன். மறுநா படத்த அனுப்பணும். இருட்டுப்பள்ளத்தக் குத்துமதிப்பாப் போட்டுட்டேன்."

வெள்ளச்சி வெடுக்கென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"பாலும் பன்னும் குடுத்தது ஆண்டி மாமன் இல்லையா?"

"ஆண்டி மாமனா? அவரு ஆஸ்பத்திரிப் பக்கமே வரலியே."

"எங்க தாய்மாமனாச்சே! அவருதான் குடுத்தாருன்னு நெனச்சு, பன்னண்டு வருசம், சாகற வரைக்கும், தீவாளிக்கும் பொங்கலுக்கும் நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு கொண்டுபோய்க் குடுத்தேனே! நீங்களும் கூட வந்தீங்களே! அந்த மனுசன் ஒரு தடவையாவது நான் இல்ல ஆத்தான்னு சொல்லலையே, எலும்பு வரைக்கும் கடிச்சுத் தின்னாரே!"

முதலில் அவள்தான் சிரித்தாள், பிறகு அவர், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், அதில் எவ்வளவு சிரிப்பு எவ்வளவு அழுகை என்று அவர்களுக்கே தெரியாது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"இதச் சொன்னா அதையும் சொல்லணுமே. கோடு பொய்யின்னு சொல்லணுமே" என்றார். அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை.

கோட்டைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "இத எறக்கணும், வெள்ளச்சி. காதுகுத்துக்கு நான் இதுல நடந்துதான் போவேன். ஆனா ஒண்ணு. இனிமே எனக்காக நல்ல வார்த்த சொல்லாத. உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லு."

சரி என்றாள்.

மறுநாள் தொடங்கினார்கள். கருவி ஒன்றும் இல்லை, பாதி தண்ணி ஊற்றி மூடிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு கம்பு, கம்பில் வெள்ளச்சியின் கண் உயரத்துக்குக் கட்டிய சிவப்புத் துணி, இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிய ஆட்டுக்கயிறு, அவ்வளவுதான். கோடு தரையை விட்ட கடைசி இடத்தில் அவர் கம்பை ஊன்றி நிற்பார். அவள் முப்பது அடி முன்னால் போய், பாட்டிலைப் படுக்கையாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, தண்ணீர் மட்டத்தின் வழியே திரும்பிப் பார்ப்பாள்.

"துணி தண்ணிக்கு மேல தெரியுது."

"அப்ப நீ கீழ நிக்கிற. ஏறு."

"இப்ப கீழ."

"எறங்கு. அவசரப்படாத. கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லு."

"இப்ப சரியா இருக்கு. துணியும் தண்ணியும் ஒண்ணு."

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லைத் தடவி வேரைத் தடவி அவளிடம் வந்து, அவள் நின்ற இடத்தில் தன் காலை வைப்பார். வைத்ததும் அந்தரத்திலிருந்த கோடு, அவிழ்த்துவிட்ட கொடிக்கயிறு மாதிரி, சத்தமில்லாமல் வந்து அவர் காலடியில் படியும். மறுபடி முப்பது அடி. அவர் குத்துமதிப்பாகப் போட்ட கோடு பள்ளத்தை ஒரே எட்டில் தாண்டியது. நிஜமான கோடோ பள்ளத்தின் அடிமூலை வரை நுழைந்து, ஓடையைக் கடந்து, மூக்கைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கரை வழியாக வெளியே வரவேண்டும். இந்தத் தடவை அட்டை நிஜமாகவே கடித்தது.

முதல் இரண்டு நாள் ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆண்டி மாமன் கதை அதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்து, அவருடைய நடுகல்லுக்கு யாரோ ஒரு கோழியிறகைச் செருகிவிட்டு வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் மூப்பன் அரிவாளோடு இறங்கி முள் வெட்ட வந்தார். "நாங்க பொய் சொன்னதுக்குத் தண்டம்" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக வந்தது, கல் புரட்ட ஒரு ஆள், களி கொண்டுவர ஒரு ஆள், சும்மா உட்கார்ந்து துணி தண்ணிக்கு மேலா கீழா என்று வெள்ளச்சியோடு வாதாட நாலு ஆள். தொள்ளாயிரத்து நாற்பது இறங்க இறங்க, அதன் மேலும் கீழும் இருந்த கோடுகளும், பெரியவன் உட்கார்ந்தால் சின்னவர்களும் உட்காருவது போல, ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. பதினோராம் நாள் சாயங்காலம் செவ்வந்தியின் வீட்டுத் தொழுவத்தருகே கோடு கோட்டோடு சேர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் ஏகாம்பரம் புது வேட்டி கட்டி, செருப்பில்லாமல், கயிறில்லாமல், தன் வாசற்படியிலிருந்து நடந்தார். பத்தடி பின்னால் வெள்ளச்சி வந்தாள், ஒரு வார்த்தை சொல்லாமல். இருட்டுப்பள்ளத்துக்குள் நுழைந்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஓடக்கரையில் பேரனை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது, தாத்தாவும் அழுதார், இரண்டு பேருக்கும் சேர்த்து வெல்லம் கொடுத்து அடக்கினாள் செவ்வந்தி.

ஒரே ஒரு கோடு மட்டும் மேலேயே நின்றுபோயிற்று, தடித்த கோடு, ஆயிரம். யார் காலுக்கும் எட்டாத உயரத்தில், பள்ளத்தின் குறுக்கே, ஒரே வீச்சாக அது கிடந்தது. நாளைக்கு அதையும் இறக்கிவிடலாம் என்று ஏகாம்பரம் சொன்னபோது வெள்ளச்சி, "வேண்டாங்க" என்றாள். "அது பொய்யிதான். ஆனா எனக்காகச் சொன்ன பொய்யி. அது அங்கயே இருக்கட்டும்."

ஆடி ஆவணி மழையில் தரைக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தன. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதற்குள் மனிதக் காலும் ஆட்டுக் காலும் நடந்து நடந்து கோடுகளெல்லாம் ஒற்றையடிப் பாதைகளாகிவிட்டன, ஏகாம்பரத்தின் காலுக்கும் அந்தப் பாதை தெரிந்துவிட்டது. ஆயிரம் மட்டும் மேலே இருந்தது. வெள்ளச்சியின் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் முகம் கழுவியதும் அவர், "இருக்கா?" என்று கேட்பார். அவள் மேற்கே பார்த்து, "இருக்கு" என்பாள். மேகம் மூடியிருந்தால், "தெரியல, மேகம்" என்பாள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்.

மார்கழியில் ஒரு நாள் காலை. மேகம் இல்லை, பனி இல்லை, ஆகாயம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்.

"இருக்கா?"

வெள்ளச்சி பார்த்தாள். இந்த முகட்டிலிருந்து அந்த முகடு வரை பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். வெறும் ஆகாயம்தான் இருந்தது.

"இருக்கு" என்றாள். அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து, "அதும்மேல ஒரு கொண்டக்குருவி உக்காந்திருக்கு" என்றும் சேர்த்தாள்.

அவ்வளவு தூரத்தில் இருக்கிற குருவிக்குக் கொண்டை இருப்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது என்பது, மலையை அளந்த மனுஷனுக்குத் தெரியாமல் போகுமா? அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டார். கையை நீட்டினார், அவள் வந்து பிடிக்கிற வரை நீட்டியபடியே இருந்தார்.

"எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கு?"

"நம்ம வீட்டப் பாத்து" என்றாள் வெள்ளச்சி.